முதல் ஆட்டத்தில் சாகாதவன்

அத்தியாயம் 5

காலைத் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் நான் நாலு தரம் செத்துவிட்டேன்.

"திரும்பவும் செத்துப்போனீரோ, சனூன்?" என்று கத்தரின் மிஸ் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஓம் மிஸ். இனி எனக்கு யாசீன் ஓதியும் பிரயோசனமில்லை."

கணினித் திரையில் வெள்ளை எழுத்துகள் அசையாமல் நின்றன. 'காலடியில் ஓலை முறிந்தது. இருட்டுக்குள் விழுந்தாய். கையில் வெளிச்சம் இல்லை. செத்தாய். மீண்டும் விளையாடவா? ஓம் / இல்லை.'

ஓம் என்று தட்டினேன். ஓட்டோ ஓட்டுகிறவனுக்கு ரோசம் கொஞ்சம் அதிகம்.

எங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கத்தரின் மிஸ்ஸுக்கு ஊர் வங்காலை. நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறிக் கீறியே தலை நரைத்து ஓய்வுபெற்றவர். சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பத் தொடங்கியதும் அவருக்கு வேலை கூடிவிட்டது. காணாமற்போன எல்லைக்கல், காணாமற்போன கிணறு, காணாமற்போன மனிதர் என்று எதைத் தேடுகிறவர்களும் மன்னார் பெரிய கடை வட்டாரத்தில் இருக்கிற அவருடைய ஒற்றை அறைக்குத்தான் வருகிறார்கள். நான் புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்துவிட்டு ஓட்டோவோடு திரும்பி வந்தவன். துப்பறிகிற மூளை அவருடையது. மூன்று சில்லும் வாயும் என்னுடையவை.

போன கிழமை சிவதர்சினி என்ற பெண் எங்களிடம் ஒரு பிஸ்கட் தகரத்தோடு வந்தார். மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பியவர். முருங்கனுக்கு உள்ளே, கருவேலங்குளம் என்ற சின்னக் கிராமத்து வயற்காரக் குடும்பம். தகரத்துக்குள் இரண்டே இரண்டு பொருள்கள்: ஒரு பாட்டுக் கசற்றும் ஒற்றைத் தோடும்.

"தோடு சோடியா இருந்தது மிஸ். மற்றது நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க எங்கட வளவுக்குள்ள துலைஞ்சு போச்சு. கசற் என்ர அண்ணா தந்தது. அதில பாட்டு இல்லை, விளையாட்டு இருக்கு" என்றார்.

அண்ணனின் பெயர் தனஞ்சயன். எண்பதுகளில் லண்டன் மாமா அவனுக்கு ஒரு சின்னக் கறுப்புக் கணினி அனுப்பியிருந்தார். ரப்பர் விசைகள். டீவியில் பொருத்தவேண்டும். விளையாட்டுகளைக் கசற்றில்தான் பதிந்து வைப்பார்கள். அந்தக் காலத்து விளையாட்டில் படம் கிடையாது, சுடுவது கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். நீ நிற்கிற இடம் இன்னது, கண்ணுக்குத் தெரிவது இன்னது என்று கணினி சொல்லும். 'வடக்கே போ', 'பெட்டியைத் திற' என்று நாங்கள் தட்டினால் அது அடுத்த இடத்தைச் சொல்லும். தனஞ்சயன் தன்னுடைய வளவையே அப்படி ஒரு விளையாட்டாக எழுதியிருந்தான். இங்கிலீசு எழுத்தில் தமிழ். தங்கச்சியின் துலைந்த தோட்டைக் கண்டுபிடிப்பவர் வென்றவர்.

தொண்ணூறாம் ஆண்டு குடும்பம் வங்காலைக் கரையில் யாகப்பர் என்பவரின் வள்ளத்தில் ஏறி இராமேசுவரம் போனது. மாடுகளை விற்றுவிட்டு வருகிறேன் என்று தனஞ்சயன் பின்தங்கினான். சில மாதம் கழித்து யாகப்பர் அடுத்த ஓட்டத்தில் இந்தக் கசற்றைக் கொண்டுபோய்த் தங்கச்சியிடம் கொடுத்தார். அண்ணனிடமிருந்து வந்த கடைசிப் பொருள் அதுதான். முகாமில் கணினி ஏது? கசற் தகரத்துக்குள்ளேயே கிடந்தது.

"அவன் இருக்கிறானா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும் மிஸ்" என்று அந்தப் பெண் சொன்னார். "அம்மாவின்ர படத்துக்குப் பக்கத்தில அண்ணான்ர படம் இருக்கு. அம்மாவுக்கு மாலை போட்டிருக்கு, அவனுக்குப் போடேல்லை. போட்டா நானே அவனைச் சாக்காட்டின மாதிரி. போடாட்டி, செத்தவனைப் பட்டினி போட்ட மாதிரி. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் பூவைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறன்."

எனக்கு வாயில் வந்த பகிடி அன்று அப்படியே உள்ளே போய்விட்டது.

கசற்றைக் கணினியில் ஏற்றித் தந்தவர் ஜெகதீபன். மன்னாரில் கணினி வகுப்பு நடத்துகிறவர், தனஞ்சயனின் பள்ளிக்கூடச் சிநேகிதர். பழைய விளையாட்டைப் புதிய கணினியில் ஓட வைக்கிற வித்தை அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. நேற்று சிவதர்சினியையும் எங்களையும் இருத்தி, தேத்தண்ணீர் தந்து, காற்றாடியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, தானே விளையாடிக் காட்டினார். வளவெல்லாம் சுற்றிக் குளக்கட்டுவரை போனார். தோடு கிடைக்கவில்லை.

"அரைகுறையா எழுதின ஆட்டம், தங்கச்சி. இதில ஒண்டும் இல்லை" என்றார். "தனா சுவிசில எங்கேயோ இருக்கிறான். நான் அம்மாவுக்கும் முகாமில வந்து சொன்னனான்தானே? கண்ட ஆக்கள் இருக்கினம்."

நல்ல மனிதர் என்று நான் நினைத்தேன். மிஸ் மட்டும் ஒரு பிரதியைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு வந்தார். அதில்தான் நான் காலையிலிருந்து செத்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ், இந்தத் தனஞ்சயன் நல்ல பொடியன் எண்டு சொன்னீங்கள். கொலைகாரன் மாதிரியெல்லோ எழுதி வைச்சிருக்கிறான்!"

"ஜெகதீபன் நேற்று என்ன சொன்னவர்? நினைவிருக்கோ?"

"இனிப்புப் போதுமோ எண்டு கேட்டவர்."

"அதுக்குப் பிறகு."

யோசித்தேன். தானும் இந்த ஆட்டத்தை அன்றுதான் முதன்முதல் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, விளையாடத் தொடங்கும்போது அவர் பெருமையாக ஒன்று சொன்னார். இந்த விளையாட்டுகளில் முதல் ஆட்டத்தில் எல்லாரும் சாவார்கள், செத்துச் செத்துத்தான் வழி பிடிக்கவேண்டும், படம் கீறாமல் விளையாட ஏலாது என்று.

"அவர் எத்தினை தரம் செத்தவர்?" என்று மிஸ் கேட்டார்.

கையிலிருந்த பிளேன்ரீக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"ஒருக்காலும் சாகேல்லை."

"படமும் கீறேல்லை. நான்தான் கீறினனான்."

மிஸ் தாளை என் பக்கம் தள்ளினார். சும்மா இருக்கத் தெரியாத கை அவருக்கு. நேற்று ஜெகதீபன் விளையாட விளையாட, ஒவ்வொரு இடத்தையும் ஒரு பெட்டியாகக் கீறி, போன வழியைச் சிவப்பு மையால் இழுத்திருந்தார். வீடு, குசினி, கிணறு, மாட்டுக் கொட்டில், குளக்கட்டு. கொட்டிலிலிருந்து நேரே வடக்கே போனால் குளக்கட்டு. சிவப்புக் கோடு அப்படிப் போகவில்லை. கொட்டிலிலிருந்து மேற்கே வைக்கோற்போருக்கு, அங்கிருந்து வேலியோடு வடக்கே, பிறகு கிழக்கே திரும்பிக் குளக்கட்டுக்கு. நடுவில் ஒரு பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது.

நான் நாலு தரமும் விழுந்த இடம் அது.

"கெட்டிக்காரன் மிஸ். பொறியைக் கண்டு விலகியிருப்பார். அவர் வகுப்பு நடத்துறவர். நான் மன்னாரில கழுதைக்கு வழி விட்டு ஓட்டோ ஓட்டுறவன்."

"பொறி இருக்கெண்டு எங்க எழுதியிருக்கு? வாசியும்."

திரையில் கொட்டிலடிக்குப் போய் வாசித்தேன். 'மாட்டுக் கொட்டிலின் பின்பக்கம். வடக்கே வெறும் மணல். காய்ந்த பனையோலை பரவிக் கிடக்கிறது. அப்பால் குளக்கட்டு தெரிகிறது.' அவ்வளவுதான். எந்த மனிதனும் நேரே நடப்பான். வைக்கோற்போரைச் சுற்ற அங்கே மாட்டுக்குத்தான் காரணம் இருக்கும்.

"அப்ப அவர் இந்த ஆட்டத்தை முந்தியே விளையாடியிருக்கிறார்!"

"அப்பிடியும் இருக்கலாம்" என்றார் மிஸ். அவர் அப்படிச் சொன்னால் அப்படி இல்லை என்று அர்த்தம்.

கதவடியில் செருப்புச் சத்தம் கேட்டது. சிவதர்சினி வந்திருந்தார், கையில் அதே தகரம். மிஸ் ஒன்றும் விளக்காமல் என்னை எழுப்பிவிட்டு அவரைக் கதிரையில் இருத்தினார்.

"உங்கட வளவுதானே. நடந்து பாருங்கோ."

அந்தப் பெண் முதலில் சிரித்துக்கொண்டுதான் தட்டினார். விறாந்தை. குசினி. குசினியில் ஓர் அரிக்கன் விளக்கு இருந்தது. எடுத்தார். 'நெருப்புப்பெட்டி இல்லை. எங்கே ஒளித்தாய்?' என்று கணினி கேட்டது. எனக்கும் அதே கேள்விதான் வந்தது, நான் தட்டின எந்த இடத்தையும் அது ஏற்கவில்லை. சிவதர்சினி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "பிறகு, பிறகு" என்று தனக்குள்ளே சொல்லிவிட்டு வெளியே போனார். கிணற்றடி. கொட்டில். ஒரு கணமும் தயங்காமல் 'வடக்கே போ' என்று தட்டினார்.

'காலடியில் ஓலை முறிந்தது. இருட்டுக்குள் விழுந்தாய்.'

சிவதர்சினி விசைகளிலிருந்து கையை எடுத்தார்.

"இது பிழை மிஸ்" என்றார் மெதுவாக. "கொட்டிலுக்குப் பின்னால மணல் இல்லை. பெரிய தேசிமரம் ஒண்டு நிண்டது. நாங்க வள்ளத்துக்கு வெளிக்கிட்ட அண்டைக்கும் அம்மா அதில தேசிக்காய் பிடுங்கினவ."

"அப்ப மரத்தைத் தறிச்சு அந்த இடத்தைத் தோண்டினது, நீங்கள் போன பிறகு."

"என்னத்துக்குத் தோண்டுறான்?"

"அந்த வருசம் வடக்கில ஒவ்வொரு வளவிலயும் என்னத்துக்குத் தோண்டினவை? செல் குண்டுக்கு ஒளிக்கப் பங்கர். கிடங்கு வெட்டி, மேல பனங்குற்றி அடுக்கி, மணல் போட்டு, மேலே தெரியாமலிருக்க ஓலை பரப்பிவிடுறது."

மிஸ் சொல்லவருவது மெல்ல மெல்ல என் மண்டையில் ஏறியது. பிறந்து வளர்ந்த வளவில் இந்தப் பெண் விழுந்துவிட்டார். குடும்பம் போவதற்கு ஒரு மாதம் முந்தியே கொழும்புக்குப் போய்விட்டேன், பிறகு அந்தப் பக்கம் காலே வைக்கவில்லை என்று நேற்று தேத்தண்ணீரோடு சொன்ன ஜெகதீபன் விழவில்லை.

"ஆட்டத்தை முந்திக் கண்டிருந்தாலும் அவர் சொன்னது பொய்" என்றார் மிஸ். "நிலத்தைக் கண்டிருந்தாலும் பொய். எந்தப் பொய் எண்டு இந்தக் கணினிக்குத் தெரியாது. நிலத்துக்குத் தெரியும். சனூன், வண்டியில பெற்றோல் இருக்கோ?"

"இருக்கு மிஸ். துணிவுதான் றிசேவுல ஓடுது."

*

ஜெகதீபன் மறுக்கவில்லை. சிவதர்சினியின் காணி எல்லையைக் கண்டுபிடிக்கவேண்டும், பழைய வளவைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று மிஸ் தொலைபேசியில் கேட்டதும் வந்துவிட்டார். என் ஓட்டோவின் பின் ஆசனத்தில் இரண்டு பெண்களுக்கும் இடம் விட்டு, எனக்குப் பக்கத்தில் ஒடுங்கி இருந்தார்.

பாலம் தாண்டும்போது கச்சான் காற்று வண்டியைப் பிடித்து உலுக்கியது. முருங்கன் சந்தியில் உள்ளே திரும்பினோம். றோட்டு முடிந்து செம்மண் தொடங்கியது. இரண்டு பக்கமும் பற்றைக்காடு. மண்டையோடு கீறின சிவப்புப் பலகைகள் இன்னும் சில இடங்களில் நின்றன. மிதிவெடி எடுத்து முடிந்த இடங்களில் பலகையைக் கழற்றிவிட்டு வெள்ளைக் கட்டை நட்டிருந்தார்கள்.

"வெள்ளைக் கட்டை எண்டா நம்பி மிதிக்கலாம்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஜெகதீபன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய கை, ஓட்டோவின் இரும்புக் கம்பியை விட்டு விட்டுப் பிடித்தது.

கருவேலங்குளத்தில் நாலைந்து குடும்பங்கள் தகரக் கொட்டில் போட்டு இருந்தன. சிவதர்சினியின் வளவு கடைசி. வீடு இல்லை. அத்திவாரமும் விறாந்தைப் படியும் மட்டும் புல்லுக்குள் கிடந்தன. ஒரு பனை தலையில்லாமல் நின்றது. நல்ல வெயில். ஆனாலும் அந்த வளவுக்குள் ஒரு குருவிகூடக் கத்தவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

மிஸ் பையிலிருந்து தன்னுடைய படத்தை எடுத்தார்.

"ஜெகதீபன், ஒரு உதவி. நான் கணினி மாதிரிச் சொல்லுறன். நீங்கள் நடவுங்கோ. நான் இடத்தைக் குறிக்கிறன்."

அவர் சிரித்தார். "வயசு போன காலத்தில விளையாட்டு."

"விறாந்தையில் நிற்கிறாய். கிழக்கே போ."

போனார். கிணறு தூர்ந்து, வட்டக் கட்டு மட்டும் இருந்தது.

"வடக்கே போ."

போனார். மாட்டுக் கொட்டிலின் சீமெந்துத் தளம் வெடித்துக் கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றார். அப்பால் தரை கொஞ்சம் பள்ளமாகி, மெல்லிய புல் மூடியிருந்தது. அதற்கும் அப்பால் குளக்கட்டு. மேற்குப் பக்கம் முழுவதும் ஈச்சம்பற்றையும் விளாத்தி முள்ளும்.

"வடக்கே போ" என்றார் மிஸ்.

ஜெகதீபன் நின்றார்.

"மேற்கால சுத்திப் போவம் மிஸ். அது சுகம்."

"மேற்கால முள். வடக்கே புல்லுத்தானே?"

"பாம்பு கிடக்கும்."

"முள்ளுக்குள்ளதான் பாம்பு கிடக்கும், சேர்" என்று நான் சொன்னேன். அவருக்கு நான் பேசினது கேட்டதாகவே தெரியவில்லை. முகத்திலிருந்து வியர்வை சட்டைக் கழுத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மிஸ் படத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டில் தளத்திலிருந்து இறங்கி, நேரே வடக்கே நடக்கத் தொடங்கினார். ஓர் அடி. இன்னோர் அடி. எனக்கு அவரைப் பிடித்து இழுக்கவேண்டும்போல் இருந்தது. மூன்றாவது அடிக்குக் காலைத் தூக்கினார்.

"மிஸ்!" என்று ஜெகதீபன் கத்தினார். நான் என் வாழ்நாளில் ஒரு ஆண்பிள்ளை அப்படிக் கத்திக் கேட்டதில்லை. "அவன்ர மேல மிதிக்காதேங்கோ!"

மிஸ் தூக்கின காலைப் பின்னுக்கு வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குப் பின்னால் தகரம் விழுந்த சத்தம் கேட்டது. சிவதர்சினி கையிலிருந்த பிஸ்கட் தகரம். மூடி கழன்று புல்லுக்குள் உருண்டுபோனது.

"ஆர்ன்ர மேல?" என்று அந்தப் பெண் கேட்டார்.

ஜெகதீபன் அந்தச் சீமெந்துத் தளத்திலேயே குந்திவிட்டார். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். அவர் யாருடைய சத்தத்துக்கு அப்படிப் பொத்துகிறார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"ஆர்ன்ர மேல, ஜெகன் அண்ணா?"

"நான் கொழும்புக்குப் போகேல்லை, தங்கச்சி. அடுத்த வருசம்தான் போனனான். நீங்கள் போன பிறகு அவனோட வந்து வந்து நிண்டனான். பங்கரை நாங்கள் ரெண்டு பேரும்தான் வெட்டினது. கார் பெற்றறியில கணினியைப் போட்டு விளையாடுவம். ஒரு நாள் செல் வந்துது. ரெண்டு பேரும் உள்ள. வாசலடியில விழுந்து மண் சரிஞ்சு போச்சு. நான் வாசல் பக்கம் இருந்தனான், எப்பிடியோ பிறாண்டி வெளிய வந்திட்டன். அவன் உள்ள." மூச்சு வாங்கினார். "அடுத்த செல் வந்துது. நான் ஓடிட்டன்."

"அவன் அப்பவே முடிஞ்சிட்டானா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"கூப்பிட்டானா?"

"என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன்."

"எவ்வளவு நேரம்?"

அந்தக் கேள்வி அந்த வளவுக்குள் இன்றைக்கும் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

"செல் ஓய்ஞ்ச பிறகு வந்திருக்கலாம்" என்றார் மிஸ். குரல் கல் மாதிரி இருந்தது. "பக்கத்தூர் ஆக்களைக் கூட்டி வந்திருக்கலாம்."

"வந்தனான் மிஸ். பிந்தி வந்தனான். சத்தம் இல்லை. தோண்டினா அவன் எவ்வளவு நேரம் உயிரோட இருந்தவன் எண்டு தெரிய வந்திடும் எண்டு பயம். மேல ஓலையை இழுத்துப் போட்டிட்டுப் போயிட்டன்."

"அம்மாட்ட ஏன் வந்தீங்க?" சிவதர்சினியின் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "மண்டபத்துக்கு வந்து, எங்கட வீட்டில சோறு சாப்பிட்டுட்டு, சுவிசில இருக்கான்னு ஏன் சொன்னீங்க? அம்மா சாகிற வரைக்கும் தபால்காரனைப் பாத்துக்கொண்டு இருந்தா."

"உயிரோட இருக்கிறான் எண்டா ஒருத்தரும் இங்க வந்து தேட மாட்டியள் எண்டு."

எனக்கு அந்த மனிதனை அடிக்கவேண்டும்போல் கை உளைந்தது. ஓடினதற்காக இல்லை. செல் விழும்போது ஓடாதவன் யார்? அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு அந்தப் பொய்யைச் சொன்னதற்காக. மிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சனூன், வண்டியடிக்குப் போய் முருங்கன் பொலிசுக்குப் போன் அடியும்" என்றார். போனேன்.

நேற்று அவர் எங்களைச் சுற்றவைத்து ஏமாற்றவில்லை என்று போகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. திரையில் பனையோலையும் மணலும் என்று வாசித்த நேரம், அவருடைய விரல் அந்தப் பக்கம் போக மறுத்திருக்கிறது. வெறும் எழுத்துத்தான். எழுத்திலும் அவரால் தன் சிநேகிதனின் மேல் மிதிக்க முடியவில்லை.

*

அடுத்த கிழமை நீதவான் முன்னிலையில் தோண்டினார்கள். பனங்குற்றிகள் உளுத்துப்போயிருந்தன. அதற்குக் கீழே கிடைத்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. சிவதர்சினியும் பார்த்தார், இது என் அண்ணன்தானா என்று அடையாளம் சொல்ல அங்கே முகம் ஒன்றும் இல்லை.

காற்சட்டைப் பொக்கற்று இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் சவர்க்காரப் பெட்டி கிடந்தது. அதிகாரி திறந்தார். உள்ளே பஞ்சு சுற்றி ஒரு சின்னத் தோடு. சிவதர்சினி தகரத்திலிருந்து மற்றதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே சிவப்புக் கல்.

அன்று பின்னேரம் அவர் எங்கள் அறைக்கு வந்து கணினிக்கு முன்னால் இருந்தார்.

"முடிச்சிட்டுப் போறன் மிஸ்."

குசினிக்குப் போய் விளக்கை எடுத்தார். 'நெருப்புப்பெட்டி இல்லை. எங்கே ஒளித்தாய்?'

"அண்ணா களவா சிகரெட் குடிப்பான். அதுக்காக நான் நெருப்புப்பெட்டியைக் கொண்டுபோய் உரலுக்குள்ள போட்டிடுவன். எங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே 'உரல்' என்று தட்டினார். விளக்கு எரிந்தது.

கிணற்றடி. கொட்டில். வடக்கே.

ஓலை முறிந்தது. இந்தமுறை அவர் சாகவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'வெளிச்சத்தில் பனங்குற்றிக் கூரை தெரிகிறது. பயப்படாதே. இது பங்கர். மூலையில் ஒன்று மினுங்குகிறது. தர்சினி, இதை வெட்டும்போது மண்ணுக்குள் உன் தோடு கிடந்தது. தேசிமர வேருக்குள் இத்தனை வருசம் இருந்திருக்கிறது. வள்ளத்தில் கொடுத்துவிட மனமில்லை. நானே கொண்டுவந்து உன் காதில் போடுவேன். அம்மாவிடம் சொல்லு. நீ வென்றாய்.'

அதற்குக் கீழே வழக்கமான கேள்வி. 'மீண்டும் விளையாடவா? ஓம் / இல்லை.'

சிவதர்சினி அழுதார். எனக்கும் கண் கலங்கியது, அதைத் தூசு என்று சொல்ல நான் தயாரில்லை. கத்தரின் மிஸ் யன்னலடியில் எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றார்.

அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அந்தப் பெண் இரண்டு தோட்டையும் காதில் போட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளைக்குச் செய்தவை, அவருக்குச் சிறிசாக இருந்தன.

"சனூன் நானா, பெரிய கடையில இப்ப பூ மாலை வாங்கலாமா?" என்று, எங்கள் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல்லாலேயே கேட்டார்.

"வாங்கலாம் தங்கச்சி. நான் கூட்டிக்கொண்டு போறன்."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, 'இல்லை' என்று தட்டினார்.